காலி மோடம் தானாக அமையவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு கணினிகளுக்கு நான்கு மோடம்தான். மோடம் என்பது கணினியைத் தொலைபேசி லைன் வழியாகப் பேசவைக்கும் கருவி. வெளியூர்க் குளிர்பதனக் கிடங்குகளில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவிகளையும், சில பழைய இபிஏபிஎக்ஸ் (அலுவலக உள் தொலைபேசி இணைப்பகம்) பெட்டிகளையும் தொலைபேசி லைனில் கூப்பிட்டுப் பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. அந்தக் கருவிகள் இன்டர்நெட் வருவதற்கு முந்தைய வடிவமைப்பு. மோடத்தில் கூப்பிட்டால்தான் பேசும். ஆளுக்கொரு மோடம், ஆளுக்கொரு லைன் கொடுக்க முடியாது. அதனால் நான்கையும் ஒரு சின்ன லினக்ஸ் கணினியில் மாட்டி, செர்2நெட் என்ற மென்பொருள் மூலம் நெட்வொர்க்கில் பகிர்ந்திருக்கிறோம். இந்தக் கணினியைத்தான் கீழே சர்வர் என்கிறேன். 3001 முதல் 3004 வரை போர்ட்டுக்கு (நெட்வொர்க்கில் இணையும் வாசல் எண்) ஒரு மோடம். 3000-இல் இணைந்தால் நான்கில் எது காலியோ அது தானாகக் கிடைக்கும். இந்த வசதிக்கு செர்2நெட்டில் ரோட்டேட்டர் என்று பெயர்.

சிஸ்கோ 2511 போன்ற டெர்மினல் சர்வர் (பல மோடங்களை நெட்வொர்க்கில் பகிரும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். லைன் எண்ணோடு 2000-ஐக் கூட்டினால் அந்தக் குறிப்பிட்ட மோடம், ரோட்டரி (மோடம் குழு) எண்ணோடு 3000-ஐக் கூட்டினால் அந்தக் குழுவில் காலியாக இருப்பது. பெயர்கள் மாறும், கோளாறுகள் மாறாது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். "காலி" என்ற ஒரே சொல்லை நாம் மூன்று பொருளில் புழங்குகிறோம். அந்தப் போர்ட்டில் இப்போது யாரும் இணைந்திருக்கவில்லை என்பது சர்வரின் காலி. போனை எடுக்காமல் கட்டளைக்குக் காத்திருப்பது மோடத்தின் காலி. எடுத்தால் டயல் டோன் வருவது லைனின் காலி. தானியங்கித் தேர்வு முதலாவதை மட்டும்தான் பார்க்கிறது. மற்ற இரண்டும் அதன் கண்ணுக்குத் தெரியாது. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் வந்தவை. எந்த அறிகுறி வந்தாலும் "மூன்றில் எது பொய் சொல்கிறது?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், குறிகள் அப்படியே.

அறிகுறி: "காலி போர்ட் இல்லை" என்கிறது, ஆனால் யாருமே பயன்படுத்தவில்லை

முதலில் எழுந்து போய் மோடத்தின் முகப்பைப் பாருங்கள். வெளி மோடம் வைத்திருப்பதன் பெரிய லாபமே அந்தச் சிவப்பு விளக்குகள்தான். ஓஹெச் என்ற விளக்கு எரிந்தால் மோடம் போனை எடுத்திருக்கிறது. சிடி எரிந்தால் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. டிஆர் (TR) எரிந்தால் சர்வர் அந்த மோடத்தைத் திறந்து வைத்திருக்கிறது. நான்கிலும் டிஆர் மட்டும் எரிந்து, ஓஹெச்சும் சிடியும் அணைந்திருந்தால் மோடமும் காலி, லைனும் காலி. சர்வர்தான் பிஸி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

சர்வரில் எஸ்எஸ் கட்டளையால் இணைப்புகளைப் பட்டியலிடுங்கள். ரோட்டேட்டர் வழியாக வந்தவை 3001, 3002 என்று வராது, எல்லாமே 3000 என்றுதான் தெரியும். இது தெரியாமல் நான் முதல் தடவை அரை மணி நேரம் தேடினேன். எதிர்முனை ஐபி முகவரியைப் பிடித்து, அது யாருடைய கணினி என்று பாருங்கள். எங்களிடம் எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இந்தப் புகார் வரும். காரணம், சாப்பிடப் போகும்போது லேப்டாப் மூடியை அப்படியே மூடிவிட்டுப் போவார்கள். லேப்டாப் தூங்கிவிடும். இணைப்பை முடித்துக்கொள்கிறேன் என்று அது சர்வரிடம் சொல்வதில்லை. சர்வரும் ஆள் இருக்கிறார் என்றே நம்பிக் காத்திருக்கும்.

எவ்வளவு நேரம் காத்திருக்கும்? லினக்ஸில் எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கீப்அலைவ் நேரம் இயல்பாக 7200 வினாடி, அதாவது 2 மணி நேரம். அதற்குப் பிறகு 75 வினாடிக்கு ஒன்றாக 9 தடவை தட்டும். மொத்தம் 2 மணி 11 நிமிடம் ஒரு மோடம் சும்மா முடங்கிக் கிடக்கும். நாலு பேர் மூடியை மூடினால் நாலு மோடமும் போச்சு.

தீர்வு, செர்2நெட் அமைப்பில் ஒவ்வொரு இணைப்புக்கும் டைம்அவுட் கொடுப்பது. இரு பக்கமும் எதுவும் பேசாமல் இத்தனை வினாடி போனால் துண்டித்துவிடு என்று அர்த்தம். நாங்கள் 600 வைத்திருக்கிறோம். உங்கள் கருவி நீண்ட நேரம் மௌனமாக இருந்துவிட்டு ஒரு வரி அனுப்பும் வகை என்றால் அதற்கேற்ப நீட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், கிக்ஓல்டுயூசர் என்று ஒரு வசதி இருக்கிறது: புதியவர் வந்தால் பழையவரை வெளியேற்றும். ஒருவருக்கென்றே ஒதுக்கிய போர்ட்டுக்கு அது நல்லது. பலர் பகிரும் இடத்தில் வைக்காதீர்கள். பாதி வேலையில் இருப்பவரின் இணைப்பை யாரோ அறியாமல் அறுத்துவிடுவார்கள்.

பட்டியலில் இணைப்பே இல்லை, ஆனாலும் மோடம் திறக்கவில்லை என்றால் பூட்டுக் கோப்பைப் பாருங்கள். ஒரு சீரியல் போர்ட்டை (கணினியில் மோடம் கேபிள் சேரும் இடம்) எடுக்கும் நிரல், எல்சிகே என்று தொடங்கும் சிறிய கோப்பை லாக் அடைவில் வைத்து, அதில் தன் ப்ராசஸ் எண்ணை (ஓடும் நிரலின் அடையாள எண்) எழுதி வைக்கும். நிரல் இடையில் செத்துப்போனால் கோப்பு மட்டும் தங்கிவிடும். உள்ளே இருக்கும் எண்ணுக்கு இப்போது ப்ராசஸ் ஏதும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அழியுங்கள். உறுதி செய்யாமல் அழித்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஃபேக்ஸின் நடுவில் இன்னொருவர் நுழைவார்.

ஃபேக்ஸ் என்றதும் இன்னொன்று. அதே மோடத்தை ஃபேக்ஸ் மென்பொருளும் பயன்படுத்துகிறது என்றால், இரண்டும் சாதனத்தை ஒரே பெயரில் கூப்பிடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று அசல் பெயரிலும் மற்றொன்று சிம்லிங்க் என்ற மாற்றுப் பெயரிலும் கூப்பிட்டால், பூட்டும் இரண்டு பெயரில் விழ வாய்ப்பு உண்டு. ஒன்றின் பூட்டு மற்றதற்குத் தெரியாது.

அறிகுறி: சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை

இந்தப் புகாரைத்தான் நான் மிகவும் கவனமாகக் கேட்பேன். "சில நேரம்" என்பதைத் தோண்டினால் எப்போதும் ஒரு கணக்கு வெளிவரும்.

நாலு தடவைக்கு ஒரு தடவை சரியாகத் தோற்கிறதா? நான்கில் ஒரு மோடம் கெட்டிருக்கிறது, ரோட்டேட்டர் முறை வைத்து அதை நீட்டுகிறது. காலையில் பரவாயில்லை, பதினொரு மணிக்கு மேல் யாருக்குமே கிடைக்கவில்லையா? அப்போதும் ஒரே ஒரு மோடம்தான் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். இது முதலில் நம்ப முடியாததாகத் தெரியும், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்.

நல்ல மோடம் கிடைத்தவர் பத்து நிமிடம் பேசுவார். அந்தப் பத்து நிமிடமும் அது பிஸி. கெட்ட மோடம் கிடைத்தவருக்குச் சில வினாடிகளில் பிழை வந்துவிடும், அவர் விட்டுவிடுவார், அது உடனே மறுபடி காலி. ஆக, கெட்ட மோடம்தான் எப்போதும் காலியாக இருக்கும். கூட்டம் கூடக்கூட மூன்று நல்ல மோடமும் பேச்சில் இருக்கும், அடுத்து வருகிற ஒவ்வொருவரும் அந்த ஒரே கெட்ட மோடத்தில் போய் விழுவார்கள். மறுபடி முயன்றாலும் அதேதான். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் "எதுவுமே வேலை செய்யவில்லை" என்பார்கள். எல்லாம் கெடவில்லை, ஒன்றுதான் கெட்டது. காலியானதைத் தேர்ந்தெடு என்ற விதியே நம்மைக் கெட்டதிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது.

கண்டுபிடிப்பது எளிது. 3000-ஐ விட்டுவிட்டு 3001, 3002, 3003, 3004 என்று தனித்தனியாக இணைந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஏடி (AT, மோடத்துக்கான கட்டளைகள் தொடங்கும் எழுத்துகள்) என்று தட்டி எண்டர். ஓகே வர வேண்டும். வந்தால் மோடம் உயிரோடு இருக்கிறது. அடுத்து லைன்: ஏடிஎக்ஸ்4 கொடுத்து, அதன் பிறகு ஏடிடிடி (ATDT) என்று தட்டி, எண்ணே போடாமல் ஓர் அரைப்புள்ளி மட்டும் வைத்து எண்டர். எக்ஸ்4 இருந்தால் மோடம் போனை எடுத்து டயல் டோனுக்குக் காத்திருக்கும். டோன் கேட்டால் ஓகே, இல்லாவிட்டால் நோ டயல்டோன். முடிந்ததும் ஏடிஹெச் கொடுத்துப் போனை வைக்க மறக்காதீர்கள். யாரையும் கூப்பிடாமல், ஒரு பைசா செலவில்லாமல் லைனைச் சோதிக்கிற வழி இது.

கெட்டது எது என்று தெரிந்ததும் ரோட்டேட்டரின் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்துவிடுங்கள். மூன்று நல்ல மோடம் உள்ள வரிசை, ஒரு கெட்டது கலந்த நான்கு மோடம் வரிசையைவிட எவ்வளவோ மேல். செர்2நெட்டின் 4-ஆம் பதிப்பிலிருந்து அமைப்புக் கோப்பு யாமல் (இடைவெளியை வைத்துப் பிரிக்கும் எழுத்து வடிவம்) வடிவில் இருக்கும். கோப்பைத் திருத்தி, ப்ராசஸுக்கு ஹெச்யூபி சிக்னல் அனுப்பினால் புதிய அமைப்பைப் படித்துக்கொள்ளும். யாமலில் இடைவெளி ஒன்று தவறினாலும் கோப்பு முழுவதும் படிக்கப்படாமல் போகலாம், அதனால் திருத்திய பிறகு லாகைப் பாருங்கள்.

நாங்கள் இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு இந்தச் சோதனையை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மூலம் நான்கு போர்ட்டிலும் ஓட்டுகிறோம். தோற்றது எதுவோ அது அன்றைக்கு வரிசையில் இருக்காது. இது ஒன்றை மட்டும் செய்த பிறகு எனக்கு வரும் புகார்கள் வெகுவாகக் குறைந்தன. உங்களுக்கு நேரம் இருப்பது ஒரே ஒரு வேலைக்குத்தான் என்றால், இந்த வேலையைச் செய்யுங்கள்.

இன்னும் ஒரு யோசனை. எந்த மோடம் கிடைத்தது என்று பயன்படுத்துபவருக்குத் தெரிந்தால் புகார் துல்லியமாக வரும். இணைந்ததும் சாதனத்தின் பெயரைக் காட்டும் பேனர் வசதி செர்2நெட்டில் உண்டு. கையால் டெல்நெட் (நெட்வொர்க்கில் இணைந்து கட்டளை தட்டும் முறை) செய்பவர்களுக்கு வையுங்கள். ஓகே-வை மட்டும் எதிர்பார்க்கும் புரோகிராம்களுக்கு வேண்டாம், அந்த வரி அவற்றைக் குழப்பும்.

அறிகுறி: திரையில் வேறு யாருடைய வேலையோ திறந்திருக்கிறது

இதைப் பார்த்த நிமிடமே மற்ற வேலையை நிறுத்துங்கள். இது வசதிக் குறைவு இல்லை, பாதுகாப்பு ஓட்டை.

எங்களிடம் நடந்தது இப்படி. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் 3000-இல் இணைந்தார். ஓகே வருவதற்குப் பதிலாக நேராக ஒரு மெனு வந்து நின்றது. "அண்ணே, நான் இன்னும் நம்பரே போடல, அதுக்குள்ள எதுக்குள்ளயோ போயிடுச்சு" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஒரு குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலையை மாற்றும் பக்கம், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே நுழைந்த நிலையில், கர்சர் எண்ணின் மேல் துடித்துக்கொண்டிருந்தது. அவர் எண்டரை ஒரு தடவை கூடுதலாகத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. முந்தையவர் கால் மணி நேரத்துக்கு முன் ஜன்னலை மூடிவிட்டுப் போயிருந்தார். சர்வர் போர்ட்டை விடுவித்தது, ஆனால் மோடம் போனை வைக்கவில்லை. சர்வரின் காலியும் மோடத்தின் காலியும் ஒத்துப்போகாததன் மிக மோசமான விளைவு இது.

போனை வைக்கச் சொல்லும் கம்பிக்கு டிடிஆர் என்று பெயர். சர்வர் போர்ட்டை மூடும்போது அந்தக் கம்பியின் மின்னழுத்தத்தை இறக்கும், மோடம் அதைப் பார்த்துப் போனை வைக்க வேண்டும். சோதனை இப்படி: தெரிந்த எண் ஒன்றைக் கூப்பிட்டு, சிடி எரிந்ததும் உங்கள் ஜன்னலைச் சட்டென்று மூடுங்கள். ஒருவர் மோடத்தின் அருகில் நின்று பார்க்கட்டும். டிஆர் அணைந்து, உடனே சிடியும் ஓஹெச்சும் அணைந்தால் எல்லாம் சரி.

டிஆர் அணைந்தும் சிடி அணையவில்லை என்றால் மோடம் அந்தச் சைகையைக் கண்டுகொள்ளாத அமைப்பில் இருக்கிறது. ஏடி&டி2 (AT&D2) கொடுங்கள்: டிடிஆர் இறங்கினால் போனை வை, கட்டளை நிலைக்குத் திரும்பு என்று அர்த்தம். ஏடி&டபிள்யூ கொடுத்துச் சேமியுங்கள். சேமிக்காவிட்டால் கரண்ட் போய் வந்ததும் பழைய நிலைக்குப் போய்விடும்.

டிஆரே அணையவில்லை என்றால் மூன்று இடம் பார்க்க வேண்டும். முதலாவது, மோடத்தின் பின்புறமோ அடியிலோ உள்ள டிப் ஸ்விட்ச். யூஎஸ் ரோபாடிக்ஸ் 56கே வெளி மோடத்தில் எட்டு குட்டி ஸ்விட்சுகள் இருக்கும். அவற்றில் முதலாவது டிடிஆருக்கானது: மேலே இருந்தால் கம்பியை மதிக்கும், கீழே இருந்தால் கம்பி எப்போதும் ஏறியே இருப்பதாக எடுத்துக்கொள்ளும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது 3, 5, 8 மட்டும் கீழே, மற்றவை மேலே. எங்கள் இரண்டாம் மோடத்தில் யாரோ எப்போதோ முதல் ஸ்விட்சையும் கீழே தள்ளியிருந்தார்கள். பேனா முனையால் மேலே தள்ளி, மோடத்தை அணைத்துப் போட்டேன், அவ்வளவுதான். இரண்டாவது, கேபிள். மூன்று கம்பி மட்டும் உள்ள மலிவுக் கேபிளில் டிடிஆர் என்ற கம்பியே கிடையாது. எல்லா ஊசிகளும் இணைந்த மோடம் கேபிளாக மாற்றுங்கள். மூன்றாவது, சர்வரில் ஹெச்யூபிசிஎல் அமைப்பு நீக்கப்பட்டிருப்பது. மூடும்போது கம்பியை இறக்கு என்று சொல்வது அதுதான்.

கூடுதல் பாதுகாப்புக்கு, ஒவ்வொரு புரோகிராமும் இணைந்ததும் முதல் வேலையாக ஏடிஇசட் அனுப்பி, ஓகே வந்தால் மட்டுமே தொடர வேண்டும் என்று விதி வையுங்கள். ஓகே தவிர வேறு எது வந்தாலும் விலகிவிட வேண்டும்.

அறிகுறி: நோ டயல்டோன்

லைனில் உண்மையிலேயே டோன் இல்லையா, அல்லது டோன் இருந்தும் மோடத்துக்குப் புரியவில்லையா? ஒரு சாதாரண போனை அதே லைனில் மாட்டிக் கேளுங்கள். மழைக்காலத்தில் கரகரப்பு மட்டும் கேட்டால் டெலிபோன் அலுவலகத்தில் புகார் செய்வதைத் தவிர வழியில்லை, அதுவரை அந்த மோடத்தை வரிசையிலிருந்து எடுங்கள்.

டோன் கேட்கிறது, ஆனால் விட்டுவிட்டு வருகிறது என்றால் லைன் இபிஏபிஎக்ஸ் வழியாக வருகிறது. பல பெட்டிகளின் உள் டோன் மோடம் எதிர்பார்க்கும் டோனைப் போல இருக்காது. ஏடிஎக்ஸ்3 கொடுத்தால் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும், ஆனால் பிஸி டோனை மட்டும் கவனிக்கும். வெளி லைனுக்கு 0 போட வேண்டும் என்றால் 0-க்குப் பின் ஒரு காற்புள்ளி வையுங்கள். காற்புள்ளி ஒன்றுக்கு இயல்பாக 2 வினாடி நிற்கும்.

ஆனால் எக்ஸ்3 வைக்கும் முன், அந்த லைனில் வேறு போன் இணையாக மாட்டியிருக்கிறதா என்று சுவர் சுவராகப் பாருங்கள். எங்கள் நான்காம் லைனில் கணக்குப் பிரிவு அக்காவின் மேஜைப் போனும் இணைந்திருந்தது யாருக்கும் நினைவில்லை. எக்ஸ்4 இருந்தவரை, அவர் பேசும்போது மோடத்துக்கு டோன் கிடைக்காது, பிழை சொல்லி விலகிவிடும். நான் எக்ஸ்3 ஆக்கிய மறுநாள் அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும்போது மோடம் அதே லைனில் காதுக்குள் டயல் செய்தது. அவர் போனை மேஜையில் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்தார். நானே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு அன்றைக்கே இணை லைனைப் பிரித்தேன். மோடம் லைன் மோடத்துக்கு மட்டும்தான்.

ஒருவர் முடித்தவுடனே அடுத்தவருக்கு மட்டும் இந்தப் பிழை வருகிறது என்றால், லைன் விடுபட நேரம் போதவில்லை. போனை வைத்த பிறகு எக்ஸ்சேஞ்ச் புதிய டோன் தர ஓரிரு வினாடி ஆகும். புரோகிராம் ஏடிஇசட் அனுப்பிய பிறகு 3 வினாடி நிற்கட்டும்.

அறிகுறி: போர்ட் கிடைக்கிறது, மோடம் ஊமையாக இருக்கிறது

ஏடி தட்டினால் ஓகே வரவில்லை. மோடம் இன்னும் டேட்டா நிலையில் இருக்கலாம். ஒரு வினாடி எதுவும் தட்டாமல் இருந்து, மூன்று கூட்டல் குறிகளை வேகமாகத் தட்டி, எண்டர் தட்டாமல் இன்னொரு வினாடி காத்திருங்கள். ஓகே வந்தால் ஏடிஹெச். பெரும்பாலானவர்கள் பழக்கத்தில் எண்டரைத் தட்டிவிட்டு "இது வேலை செய்யாது" என்பார்கள்.

அதுவும் பலிக்காவிட்டால், சர்வரில் வேறொரு நிரல் அந்தப் போர்ட்டில் கை வைக்கிறதா என்று ஃப்யூசர் அல்லது எல்எஸ்ஓஎஃப் கட்டளையால் பாருங்கள். மோடம்மேனேஜர் என்ற சேவை சீரியல் சாதனங்களைக் கண்டால் தானாக ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும் பழக்கம் உள்ளது. மொபைல் டாங்கிள் எதுவும் இல்லாத சர்வரில் அதை நிறுத்திவிடலாம். உபுண்டு 22.04-இல் சிஹெச்340 சிப் உள்ள யூஎஸ்பி-சீரியல் கேபிளை மாட்டினால் பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெய்ல் மென்பொருள் அதைப் பிரெய்ல் கருவி என்று எண்ணி எடுத்துக்கொள்ளும், சாதனம் தோன்றி உடனே மறையும். அந்தக் கணினியைப் பார்வையற்றவர் யாரும் பயன்படுத்தவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே நீக்குங்கள்.

அறிகுறி: சர்வரை மறுபடி தொடங்கியதும் மோடங்கள் இடம் மாறிவிட்டன

யூஎஸ்பி கேபிள்களுக்கு லினக்ஸ் கண்டுபிடித்த வரிசையில் 0, 1, 2 என்று எண் கொடுக்கும். அந்த வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. தேவ் அடைவின் கீழ் சீரியல் என்ற உள் அடைவில் இருக்கும் நிலையான பெயர்களை அமைப்பில் எழுதுங்கள். எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிள்களுக்குப் பொதுவாகத் தனித்தனி வரிசை எண் இருக்கும், பை-ஐடி பெயர் போதும். மலிவுக் கேபிள்கள் பலவற்றில் வரிசை எண்ணே இருக்காது, நான்கும் ஒரே பெயரில் வந்து மோதும். அவற்றுக்கு பை-பாத், அதாவது எந்த யூஎஸ்பி துளை என்பதை வைத்து வரும் பெயர். அப்போது எந்தக் கேபிள் எந்தத் துளை என்று பெட்டியின் மேல் பெயின்ட் மார்க்கரால் எழுதி வையுங்கள்.

அறிகுறி: எழுத்து சரியாக வருகிறது, கோப்பு மட்டும் கெடுகிறது

ஒரு பக்கம் டெல்நெட் முறை, மறு பக்கம் வெறும் டிசிபி (பைட்டை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்று இருந்தால் இப்படி ஆகும். டெல்நெட்டில் 255 என்ற பைட்டுக்குத் தனிப் பொருள் உண்டு, அதனால் அது இரட்டிப்பாக அனுப்பப்படும். சாதாரண எழுத்தில் அந்தப் பைட் வராது, கோப்பில் வரும். இரு பக்கமும் ஒரே முறை வையுங்கள். விண்டோஸில் மெய்நிகர் காம் போர்ட் வைத்து வேலை செய்பவர்கள் ஆர்எஃப்சி 2217 என்ற நெட்வொர்க் சீரியல் விதிமுறையின் ஆதரவு உள்ளதையே எடுங்கள். பாட் வேகமும் டிடிஆரும் அதில்தான் நெட்வொர்க் தாண்டிப் போகும்.

முறை சரியாக இருந்தும் பெரிய கோப்பு மட்டும் நடுவில் பைட் தொலைகிறது என்றால் ஆர்டிஎஸ்-சிடிஎஸ் ஓட்டக் கட்டுப்பாடு (நிறுத்து, அனுப்பு என்று இரு பக்கமும் சொல்லிக்கொள்வது) அணைந்திருக்கிறது, அல்லது அங்கேயும் அந்த மூன்று கம்பிக் கேபிள்தான்.

அறிகுறி: இணைந்து அரை நிமிடத்தில் அறுந்துவிடுகிறது

ஒரே லைனில் மட்டும், சமீபத்தில்தான் தொடங்கியது என்றால், அந்த லைன் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் போன் லைனில் குரல் இன்டர்நெட் பாக்கெட்டுகளாகப் போகிறது. நம் காதுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒரு பாக்கெட் தாமதித்தாலும் மோடத்துக்குத் தாங்காது. சேவை தருபவர் ஜி.711 கோடெக்கில் (குரலை அதிகம் சுருக்காமல் அனுப்பும் முறை) வைத்து, எக்கோ நீக்கத்தை அணைத்துக் கொடுத்தால் ஓரளவு சரியாகும். உங்கள் பக்கத்தில் மோடத்தின் வேகத்தை 9600-க்கு இறக்குங்கள். இரண்டு சாதாரண மோடங்களுக்கு நடுவில் 33,600-க்கு மேல் எப்படியும் போகாது, பெட்டியில் 56கே என்று எழுதியிருந்தாலும். எங்கள் கருவிகள் அனுப்புவது சில பக்க எழுத்துதான், 9600 தாராளம்.

அறிகுறி: உண்மையிலேயே நான்கும் பிஸி

மேலே சொன்னது எல்லாம் பார்த்தாகிவிட்டது, நான்கிலும் சிடி எரிகிறது, நான்கிலும் ஆள் பேசிக்கொண்டிருக்கிறார். அப்போது கோளாறு இல்லை, மோடம் போதவில்லை. உடனே ஐந்தாவதை வாங்கிவிடாதீர்கள். ஒரு வாரம் செர்2நெட்டின் லாகில் யார் எத்தனை மணிக்கு எடுத்தார், எப்போது விட்டார் என்று குறித்துப் பாருங்கள். நாங்கள் பார்த்தபோது, காலை பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில்தான் நெரிசல். அந்த நேரத்தில் இரண்டு மோடத்தைத் தினசரி அறிக்கை இறக்கும் தானியங்கிப் புரோகிராம்கள் பிடித்து வைத்திருந்தன. அந்த வேலையை அதிகாலை ஐந்து மணிக்கு மாற்றினோம். நான்கு மோடம் போதுமானதாக இருக்கிறது.